102.7-இல் புதுச்சேரி: 15 ஆண்டுகளாகக் கட்டிலருகே இருக்கும் கடிகார ரேடியோ

2010-இல் நியூ ஜெர்சியிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், தாம் பயன்படுத்திய ஐபாடையும் (ஆப்பிளின் கையடக்கப் பாட்டுப்பெட்டி) அதை மேலே செருகிவைக்கும் கடிகார ரேடியோ ஒன்றையும் எங்களிடம் விட்டுப் போனார். முன்னால் நீல எண்கள், உச்சியில் ஐபாட் நிற்க ஒரு பள்ளம், இரு பக்கமும் உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒலிபெருக்கிகள். கடலூர் தேவனாம்பட்டினத்தில் எங்கள் கட்டிலருகே அன்று வைத்த பெட்டி, இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது.

வந்த வாரமே வம்பு தொடங்கியது. அது அமெரிக்காவின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த கருவி. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், நம் வோல்ட்டை அந்த அளவுக்குக் குறைக்க, செங்கல் கனத்தில் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்கிவந்தேன். (இரவெல்லாம் அது முனகும். மார்கழியில் பூனை அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.) ரேடியோ பாடியது, ஐபாட் சார்ஜ் ஏறியது. ஆனால் இரவு 10 மணிக்குச் சரிசெய்து வைத்த கடிகாரம், விடியற்காலை 5 மணிக்கு 3:50 என்று காட்டியது. அன்று அலாரத்தை நம்பிய நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் ரோடு பக்கம் ரேடியோ பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. “கடிகாரம் கெடவில்லை சார், கரண்ட்டை எண்ணிக்கொண்டிருக்கிறது” என்றார். மின்சாரத்தின் 60 அலைகளை ஒரு விநாடி என்று கணக்கு வைக்கும் கடிகாரம் அது. நம் மின்சாரத்தில் விநாடிக்கு 50 அலைகள்தான். ஆகவே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்குமே தவிர, இதைத் தொடாது. பிறகு பெட்டியைத் திறந்து, உள்ளே மின்சுற்றுப் பலகையில் 50, 60 என்று குறித்திருந்த இடத்தில் சிறு கம்பி ஒன்றைப் பிடுங்கிப் பக்கத்துப் புள்ளியில் பற்றவைத்தார். கூலி 60 ரூபாய் கேட்டு, 50 வாங்கிக்கொண்டார்.

ரேடியோவுக்கு அப்படி ஒரு வைத்தியம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் பண்பலை நிலையங்கள் எல்லாம் புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணில் முடிபவை. ஆகவே இதன் எண்கள் 102.5, 102.7, 102.9 என்று தாவித்தாவிப் போகும். எங்களுக்கு வேண்டியதோ புதுச்சேரி வானொலியின் 102.8. அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பது போல 102.7-இல் வைத்துத்தான் கேட்கிறோம். குரல் தெளிவாகவே வரும். சகரம் வரும் இடங்களில் மட்டும் ஒரு சீறல். “செய்தி வாசிப்பவருக்கு முன்பல் விழுந்துவிட்டதா?” என்று அம்மா கேட்டார். மத்திய அலையிலும் இதே கதை. நம் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இருப்பவை, இந்தப் பெட்டி பத்துப் பத்தாகத் தாவுவது. திருச்சியின் 936 சிக்கவில்லை. சென்னையின் 720 மட்டும் அப்பழுக்கில்லாமல் வந்தது. 720 ஒன்பதாலும் வகுபடும், பத்தாலும் வகுபடும். ஐந்தாம் வகுப்பில் படித்த பொதுமடங்கு முதன்முதலாக எனக்குப் பயன்பட்ட இடம் அதுதான்.

ஐபாடோடு இருந்த காலம் நன்றாகவே இருந்தது. அலாரம் அடிக்காது, நாகஸ்வரம் காதருகே முணுமுணுப்பது போலத் தொடங்கி மெல்ல ஏறும். அதே கச்சேரியில் தவில் மட்டும் பிஸ்கெட் டப்பாவைத் தட்டுவது போல இருக்கும். அந்த ஒலிபெருக்கிகளின் அளவுக்கு அதற்குமேல் கேட்பது நியாயமில்லை. அலாரத்தைத் தள்ளிப்போடும் ஸ்னூஸ் பொத்தான் ஒன்பது நிமிடம் தரும், கண்ணைத் திறக்காமலே கைக்கு அகப்படும். மற்ற பொத்தான்களை இருட்டில் தடவினால் கடிகாரமே மாறிப்போகும். நீல வெளிச்சத்தை எவ்வளவு குறைத்தாலும் அறை கோயில் குளம் போல இருந்ததால், மனைவி அதன்மேல் பழைய கைக்குட்டையைப் போட்டார். இன்றும் கைக்குட்டையைத் தூக்கித்தான் மணி பார்க்கிறோம்.

2011 டிசம்பர் 30 காலை ‘தானே’ புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. ரேடியோ மிகவும் தேவைப்பட்ட அந்த நாட்களில் இந்தப் பெட்டி ஊமையாக உட்கார்ந்திருந்தது. உள்ளே இருக்கும் 9 வோல்ட் பேட்டரி மணியை நினைவில் வைத்திருக்க மட்டுமே; எண்களைக் காட்டவும் வராது, ரேடியோவைப் பாடவைக்கவும் வராது. அப்பா காலத்து டிரான்சிஸ்டருக்கு இரண்டு பேட்டரி போட்டுத்தான் செய்தி கேட்டோம். அடுத்த ஆண்டு மின்வெட்டில் இன்னொன்றும் தெரிந்தது. எண்ணுவதற்கு மின்சாரம் இல்லாதபோது கடிகாரம் தன் மனக்கணக்கில் ஓடும், அந்தக் கணக்கு தப்பும். ஒரு பகல் மின்சாரம் போய்வந்தால் கால் மணி நேரம் முந்தியிருக்கும்.

உப்புக்காற்று அதன் வேலையைச் செய்தது. ஐபாட் செருகும் இடத்தில் வரிசையாக 30 முட்கள் உண்டு. மூன்றாம் ஆண்டு அவற்றில் பச்சையாகக் களிம்பு பூத்து, இடது பக்கம் ஒலி நின்றது. மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பழைய பல்துலக்கியில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் தேய்த்தேன். பஞ்சு வைத்தால் இழை முள்ளில் மாட்டும். அதன்பின் ஆண்டுக்கு இருமுறை, ஆயுதபூஜைக்கும் பொங்கலுக்கும், அந்த முட்களுக்குப் பல்துலக்கல்.

2016 வாக்கில் ஐபாடின் பேட்டரி ஓய்ந்தது. பெட்டியில் இருந்தால் பாடும், எடுத்தால் அணையும். சட்டைப்பையில் ஊர்சுற்ற வந்த கருவி, கட்டிலை விட்டு இறங்காத நோயாளியாக மேலும் மூன்று ஆண்டு இருந்தது. பிறகு உள்ளே டிக் டிக்கென்று ஒரு சத்தம், அதோடு சரி. அதற்குள் 30 முள் இணைப்பும் வழக்கொழிந்துவிட்டது. 2012-இலேயே சிறிய இணைப்பு வந்துவிட்டது. அந்தப் பள்ளத்தில் செருகும் புளூடூத் துண்டு ஒன்று வாங்கிப் பார்த்தேன். நள்ளிரவில் செல்போன் அருகே வந்தாலே “பீப்” என்று கூவியதால் கழற்றிவிட்டேன். பின்புறம் இயர்போன் துளை அளவில் ஒரு துளை இருக்கிறது. அதில் கம்பியைச் செருகினால் எந்தப் போனும் பாடும். ஆனால் அலாரத்துக்கு அதை எழுப்பத் தெரியாது.

பழைய பொருளாக இப்படி ஒன்று கிடைத்தால், வாங்குமுன் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 50 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா, அலைவரிசை 0.1 ஆக நகர்கிறதா, பின்னால் அந்தத் துளை உண்டா என்று பாருங்கள். ஐபாட் பள்ளம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. எங்கள் பள்ளத்தில் இப்போது அம்மாவின் மூக்குக்கண்ணாடி நிற்கிறது. காலையில் அலாரம் வைத்த நேரத்துக்கு 102.7 தானாகப் பேசத் தொடங்கும், சகரம் சீறும், அம்மா கண்ணாடியை எடுத்துக்கொண்டு எழுந்து போவார்.