பதிவை அழிக்கச் சொல்ல மூன்று வழி

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. அதன் டொமைனை நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோம். ஒருநாள் காலையில் கடைக்காரர் போன் செய்தார்: "இன்னா தம்பி, நாம அனுப்புற பில்லு எல்லாம் ஸ்பாம்ல போய் விழுதாம்?"

முந்தின நாள் சாயங்காலம் எங்கள் ஏஐ ஏஜென்ட்டிடம், அந்த டொமைனின் டிஎன்எஸ் (இணைய முகவரிப் பட்டியல்) பதிவுகளில் பழைய வெரிஃபிகேஷன் டிஎக்ஸ்டி பதிவு (டொமைன் நம்முடையதுதான் என்று காட்டப் போடும் உரை வரி) ஒன்றை எடுத்துவிடச் சொல்லியிருந்தேன். எடுத்தது. கூடவே எஸ்பிஎஃப் பதிவையும் எடுத்துவிட்டது. இந்த டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது அது; அதுவும் டிஎக்ஸ்டி வகைதான். அதைத் திட்டி என்ன பயன்? பதிவை அழிக்க ஏஜென்ட் கூப்பிடும் கருவியின் விளக்கத்தில் நான் எழுதியிருந்தது ஒரே வரி: "பெயரையும் வகையையும் கொடுத்தால் டிஎன்எஸ் பதிவை நீக்கும்." 'பதிவை' என்று ஒருமையில் எழுதிவிட்டேன். உள்ளே இருந்த கோடோ அந்தப் பெயரில் உள்ள டிஎக்ஸ்டி அத்தனையையும் துடைக்கிற கோடு.

அதற்கப்புறம்தான் அழிக்கும் கருவிக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தேன்.

பெயரும் வகையும் மட்டும் கேட்பது எழுத எளிது, ஏஜென்ட்டுக்கும் எளிது. ஆனால் டிஎன்எஸ்ஸில் ஒரே பெயரில் ஒரே வகையில் பல பதிவுகள் இருக்கலாம். எம்.சி. ரோட்டுக்கு ஆள் அனுப்பி 'துணிக்கடை போர்டைக் கழட்டிட்டு வா' என்று சொல்வது மாதிரி. 1997-இல் வந்த ஆர்எஃப்சி 2136 என்ற இணைய நெறி ஆவணம் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது: ஒரு தனிப் பதிவை அழிப்பது வேறு, ஒரு வகை முழுவதையும் அழிப்பது வேறு, ஒரு பெயரில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது வேறு. நான் மூன்றையும் ஒரே வினைச்சொல்லில் அடைத்துவிட்டேன்.

அடுத்தது ஐடி வழி. டிஎன்எஸ் சேவை தரும் கிளவுட்ஃபிளேரின் ஏபிஐ (நிரல்கள் பேசும் வாசல்) இப்படித்தான்: ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு ஐடி, அதைக் கொடுத்தால் அது மட்டும் போகும். இதில் தப்பு நடக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். ஏஜென்ட் ஐடியைக் கற்பனையாக எழுதினாலும் பெரும்பாலும் பிழைதான் திரும்பி வரும், சேதம் இல்லை. சிக்கல் வேறு இடத்தில். பட்டியலில் பக்கத்து வரியின் ஐடியை எடுத்துவிட்டால்? அனுமதி கேட்டு என் முன்னால் வரும் பெட்டியில் 32 எழுத்து நீளத்துக்கு எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு சரம் நிற்கும். எஸ்பிஎஃப்பா, வெரிஃபிகேஷனா, எதை அழிக்கச் சொல்கிறேன் என்று யாருக்குத் தெரியும்? சரி என்று அமுக்கிவிடுவோம். மனிதனின் ஒப்புதல் அங்கே வெறும் சடங்கு.

மூன்றாவது, முழு விவரமும் பொருந்த வேண்டும் என்பது. அமேசானின் டிஎன்எஸ் சேவையான ரூட் 53-இல் அழிக்க வேண்டுமென்றால் பெயர், வகை, டிடிஎல் (பதிலை எத்தனை நொடி மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கலாம் என்ற கணக்கு), மதிப்புகள் எல்லாம் இருக்கிறபடியே தர வேண்டும். ஒன்று பிசகினாலும் மறுத்துவிடும். ஒரே பெயரின் டிஎக்ஸ்டி மதிப்புகள் எல்லாம் அங்கே ஒரே தொகுப்பு. அதனால் அதில் ஒன்றை மட்டும் எடுப்பது அழிப்பே அல்ல, மீதியை வைத்துத் தொகுப்பைத் திருப்பி எழுதுவது. இதை விளக்கத்தில் சொல்லாவிட்டால் ஏஜென்ட் நேராக அழிப்பைத்தான் கூப்பிடும். ஆனாலும் அழிக்குமுன் எஸ்பிஎஃப் வரியைத் தன் கையாலேயே எழுதியாக வேண்டும். என் பெட்டியிலும் அது தெரியும். கடைக்காரரின் போன் வந்தே இருக்காது.

என் ஓட்டு மூன்றாவதற்கு, ஒரு திருத்தத்தோடு: எங்கள் கருவி ஒரு கூப்பிடலுக்கு ஒரு மதிப்பைத்தான் அழிக்கும். விளக்கத்தை இப்படி மாற்றினேன்: "பெயர், வகை, மதிப்பு மூன்றும் அப்படியே பொருந்தும் ஒரே ஒரு பதிவை நீக்கும். மற்றவற்றைத் தொடாது. திரும்பப் பெற முடியாது. முதலில் பட்டியல் கருவியைக் கூப்பிடு. நீக்கிய பின்பும் டிடிஎல் முடியும்வரை பழைய பதில் வரலாம். அதற்காக மறுபடி நீக்காதே." கடைசி வரி தேவையா என்று கூட வேலை செய்யும் தம்பி கேட்டான். 3600 நொடி டிடிஎல் உள்ள பதிவை அழித்துவிட்டு, உடனே சரிபார்த்து, 'இன்னும் இருக்கிறதே' என்று ஏஜென்ட் வேறு வழி தேடியதை அவன் பார்த்ததில்லை.

ஏஐ ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி நெறிமுறையில், அழிக்கும் தன்மை உள்ள கருவி என்று குறிக்க ஒரு அடையாளம் உண்டு. போட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அது குறிப்புதான், பூட்டு அல்ல.

ஒன்று மட்டும் கொஞ்ச நாள் இழுத்தது. பொருந்தும் பதிவே இல்லையென்றால் கருவி என்ன சொல்வது? பிழை என்றால் ஏஜென்ட் பதறி வேறு எதையாவது அழிக்கப் பார்க்கும். வெற்றி என்றால் எழுத்துப்பிழை மறைந்துவிடும். இப்போது இரண்டும் இல்லாமல், "எதுவும் நீக்கப்படவில்லை, இந்தப் பெயரில் இப்போது இருப்பவை இவை" என்று பட்டியலையே திருப்பித் தருகிறது.