பீர் ஃபிரிட்ஜில் ஃபேன்: எப்போதும் ஓடுவதா, கம்ப்ரசரோடு ஓடுவதா?

குளிர்காற்று கனமானது, கீழே தேங்கும். மேல்தட்டு பாட்டில் வெதுவெதுப்பாக, அடித்தட்டு பாட்டில் உறையும் நிலைக்கு நெருங்குவது இதனால்தான். 120 மிமீ, 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை அடியில் மேல்நோக்கி வைத்தால் போதும். எப்போது ஓட விடுவது என்பதுதான் கேள்வி.

எப்போதும் ஓடினால் காற்று அடுக்கடுக்காகப் பிரியாது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் உள்ளே இருக்கும் வெப்பநிலையை ஓரளவு சரியாகக் காட்டும். 2 வாட் ஃபேன் நாளுக்கு 48 வாட்-மணி இழுக்கும். அது முழுவதும் உள்ளேயே வெப்பமாகிறது என்றாலும் சிறிய சுமைதான். கதவைத் திறந்தால் குளிர்காற்றை வெளியே தள்ளும் என்பதே உண்மையான குறை. கதவில் ஒரு சுவிட்ச் வைத்தால் தீரும்.

கம்ப்ரசரோடு ஓட, ஃபிரிட்ஜுக்கு வெளியே வைக்கும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியின் குளிர் சாக்கெட்டில் (குளிர்விக்க வேண்டியபோது மட்டும் மின்சாரம் தருவது) ஃபிரிட்ஜையும் ஃபேன் அடாப்டரையும் சேர்த்துச் செருகுங்கள். கம்ப்ரசர் ஒயரை வெட்டி இணைக்கவே கூடாது. ஃபேன் ஆயுள் கூடும். ஆனால் கம்ப்ரசர் ஓய்ந்ததும் மேல், கீழ் வித்தியாசம் திரும்பிவிடும்.

வீட்டு ஃபிரிட்ஜுக்கு முதல் வழியே நல்லது. ஃபேனுக்கு 7 வோல்ட் கொடுங்கள், சத்தமும் குறையும்.

எந்த வழியானாலும் பக்கச்சுவரில் துளை போடாதீர்கள்: பல மாடல்களில் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் குழாய் அதற்குள் ஓடுகிறது, குத்தினால் குளிர்விக்கும் வாயு போய்விடும். தட்டையான ஒயரைக் கதவு ரப்பர் வழியாக எடுங்கள். கண்ணாடித் தட்டுக்குப் பதில் கம்பித் தட்டு போட்டு, பின்சுவரிலிருந்து 3 செமீ இடைவெளி விடுங்கள். இல்லையேல் எந்த ஃபேனும் உதவாது.