200 வருஷத்துப் பங்காளிச் சண்டையைக் காசில்லாமல் படிக்க ஓர் இடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. மகள் பேறுகாலத்துக்காக நானும் வீட்டுக்காரியும் ஆறு மாசம் ரிச்மண்டில் போய் இருந்தோம். வெளியே பனி, உள்ளே பேரன் தூங்குகிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அழுகை, வாசலில் நின்று பேச ஓர் ஆள் கிடையாது. தேவகோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதியவனுக்குச் சும்மா உட்காரத் தெரியுமா? ஒரு நாள் மாப்பிள்ளைதான், "மாமா, இங்கே ஒரு லைப்ரரியில் பழைய கோர்ட் கட்டெல்லாம் வைத்திருக்கிறார்களாம், உங்களுக்குப் பிடிக்கும், வாங்க" என்று கூட்டிப்போனார். பிராட் ஸ்ட்ரீட்டில் இருக்கிற லைப்ரரி ஆஃப் வர்ஜீனியா. 1823இல் ஆரம்பித்த மாநில நூலகம். அங்கே போன பிறகுதான், அதே கட்டுகளில் பெரும்பகுதியை வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்க்கலாம் என்று தெரிந்தது. ஊர் திரும்பி இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காசு வாங்குவதில்லை. இந்த மதிப்பீடு அந்தச் சேவையைப் பற்றி.

அதன் பெயர் சான்சரி ரெக்கார்ட்ஸ் இண்டெக்ஸ். சான்சரி என்றால் சிவில் வழக்கில் அப்போது இருந்த ஒரு தனி வகை, ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும் நியாயம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். பாகப்பிரிவினை, உயில் தகராறு, மைனர் சொத்து, கடனுக்குப் போன நிலம் எல்லாம் இங்கேதான் வரும். நமக்கு முக்கியமான விஷயம் வேறே. அந்தக் காலத்தில் மற்ற கோர்ட்டில் சாட்சி கூண்டில் ஏறி வாயால் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார், சொன்னது காற்றோடு போய்விடும். சான்சரியில் சாட்சியத்தை எழுதியே வாங்கினார்கள், அதனால் 1790இல் பக்கத்துத் தோட்டக்காரர் "அந்தக் கிழவர் சாகும்போது நான் கட்டிலருகே இருந்தேன், மூத்தவனுக்கு ஆலைப்பங்கு என்றுதான் சொன்னார்" என்று சொன்னது இன்னும் அப்படியே இருக்கிறது. சொத்தில் உரிமை உள்ள ஒருவரையும் விடாமல் கட்சி சேர்க்க வேண்டும் என்பதால் மகள், மகள் புருஷன், செத்துப்போன மகனின் பிள்ளைகள், கென்டக்கிக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட தம்பி என்று மொத்தக் குடும்பமும் ஒரே தாளில் வந்து உட்கார்ந்துவிடும். ஒற்றுமையாக இருந்த குடும்பத்துக்கு இப்படி ஒரு தாள் கிடைக்காது. அடித்துக்கொண்ட குடும்பத்துக்குத்தான் கிடைக்கும். நம்ம பக்கத்திலும் யார் ரங்கூன் போனார், யார் பினாங்கில் இறந்தார் என்று எழுத்தில் கிடைப்பது வழக்குப் பிராதிலிருந்துதானே.

தேடுவது சுலபம். கவுண்டியை (நம்ம மாவட்டம் மாதிரி) தேர்ந்தெடுத்து, வாதி அல்லது பிரதிவாதியின் குடும்பப் பெயரைக் கொடுத்தால் வரிசையாக வரும். ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வருஷம், ஒரு வரிசை எண். இதில்தான் நான் முதல் வாரம் முழுக்க ஏமாந்தேன். அந்த வருஷம் வழக்கு முடிந்த வருஷம், போட்ட வருஷம் இல்லை. 1838 என்று இருக்கும், பிரித்தால் முதல் தாள் 1819. பத்தொன்பது வருஷம்! நம்ம ஆட்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாக் கவுண்டிக்கும் படம் ஏற்றி முடியவில்லை, சிலவற்றுக்கு அட்டவணை மட்டும்தான் இருக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கையெழுத்து பழகப் பத்து நாளாகும். பழைய எழுத்தில் எஸ் என்பது எஃப் மாதிரி நீண்டு நிற்கும். பெயர்களைச் சுருக்கி மேலே சின்னதாக ஓர் எழுத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள். ஆனால் பாஷை எனக்கு அந்நியமாகவே இல்லை. பேசுகிற இங்கிலீஷ் எனக்கு வராது, கோர்ட் இங்கிலீஷ் வரும். "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்த் தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்" என்று நாம் இழுப்பதைத்தான் அவர்கள் வாரிசுகள், வாரிசுகளால் நியமிக்கப்பட்டவர்கள், என்றென்றைக்கும் என்று இழுக்கிறார்கள். எழுதத் தெரியாதவர் பெயருக்கு நடுவில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் "அவர் போட்ட குறி" என்று ஒரு வரி. கைநாட்டுத்தான்.

ஒரு வழக்குக் கட்டைப் பற்றி மட்டும் விவரமாகச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். குடும்பத் தலைவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார், மனைவி, ஏழு பிள்ளைகள், ஒரு மாவு ஆலை. அங்கே 1787க்கு முன்னால் என்றால் உயில் இல்லாத நிலம் முழுக்க மூத்த மகனுக்கு. 1785இல் போட்ட சட்டம் 1787இல் அமலுக்கு வந்ததிலிருந்து ஆண் பெண் எல்லாருக்கும் சமபங்கு. (நம்ம மாநிலத்தில் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு வந்தது 1989இல். ஆனால் அவர்களைப் பார்த்து ரொம்ப மெச்சவும் வேண்டாம், அப்போது கல்யாணமான பெண்ணின் பங்கைப் புருஷன்தான் ஆள்வார்.) விதவைக்கு ஆயுள் உள்ளவரை மூன்றில் ஒரு பங்கு. கோர்ட் நியமித்த கமிஷனர்கள் நேரில் போய் அளந்து வரைபடம் போட்டு, லாட் ஒன்று, லாட் இரண்டு என்று பிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கும் பங்கு. மேற்குப் பக்கத்து அறை விதவைக்கு, அதற்கு மேலே உள்ள மச்சில் பாதி, அடுப்பங்கரையை மற்றவர்களோடு சேர்ந்து பயன்படுத்திக்கொள்ளும் உரிமை, கிணற்றுக்குப் போய்வரப் பாதை.

இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் எத்தனை செட்டிநாட்டு வளவு வீட்டுக்குப் பாகப்பத்திரம் எழுதியிருப்பேன்! முகப்பும் பட்டாலையும் பொது, வளவில் வடவரிசை மூன்றாம் அறை இன்னாருக்கு, இரண்டாங்கட்டில் அடுப்பு வைக்கும் இடம் இன்னாருக்கு, கிணறும் நடையும் எல்லாருக்கும் பாத்தியம். பதினாறு புள்ளி, முப்பது புள்ளி (புள்ளி என்றால் ஒரு குடும்பம்) என்று பங்கு பெருகி, கூரை ஓடு மாற்றக் கையெழுத்து வாங்க ஆள் தேடி, கடைசியில் வீடே தேக்குக்கும் கல்தூணுக்கும் விலை பேசப்பட்டுக் காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போன கதையெல்லாம் எனக்கு அத்துபடி. அந்த அமெரிக்க விதவையை எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி மாதிரியே மனசில் வைத்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினேன்.

அடுத்த தாளில் அசையும் சொத்துப் பட்டியல். ஏர், மாடு, கட்டில், அப்புறம் ஆட்கள். பெயர், வயசு, எதிரே டாலரில் விலை. அடிமைகளையும் லாட் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். ஒரு தாயும் கைக்குழந்தையும் லாட் மூன்றில், அவளுடைய ஆறு வயசு மகன் லாட் ஐந்தில். லாட் ஐந்து வாங்கிய மகள் வேறு கவுண்டியில் வாழ்க்கைப்பட்டவள். அதே அழகான கையெழுத்து, அதே மை. அன்றைக்கு அதோடு மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்தச் சேவையைப் பயன்படுத்துகிற யாரும் இந்தத் தாளுக்கு வராமல் போக முடியாது. தங்கள் முன்னோரைத் தேடுகிற கறுப்பினக் குடும்பங்களுக்குப் பல சமயம் முன்னோர் பெயர் எழுத்தில் இருக்கிற இடமே இந்த மாதிரிப் பங்குப் பட்டியல்தான் என்று பிறகு புரிந்துகொண்டேன்.

ஜார்ஜ் வைத் என்று ஒருவர், வர்ஜீனியாவில் சான்சரி நீதிபதியாகப் பல காலம் இருந்தவர், ஊரார் பாகத்தையெல்லாம் பிரித்துக் கொடுத்தவர். அவரே 1806இல் ரிச்மண்டில் விஷம் வைக்கப்பட்டு இறந்தார். குற்றம் சாட்டப்பட்டது கூடப்பிறந்தவளின் பேரன், உயிலில் பங்கு உள்ளவன். கிழவர் சாவதற்குள் உயிலைத் திருத்தி அவன் பங்கை எடுத்துவிட்டார். ஆனால் கொலை வழக்கில் அவன் விடுதலை. சமையற்காரி லிடியா பிராட்நாக்ஸ் சாட்சி சொல்ல முடியவில்லை, வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சியம் அந்தச் சட்டப்படி செல்லாது.

படிப்பவர்கள் தடுக்கி விழுகிற இடங்கள் சில உண்டு. 'இன்ஃபன்ட்' என்று போட்டிருந்தால் கைக்குழந்தை இல்லை, 21 வயசு ஆகாதவர். நான் பத்தொன்பது வயசுப் பையனைத் தொட்டிலில் போட்டு வைத்திருந்தேன். 'சன் இன் லா' என்பது பழைய தாளில் மருமகனாகவும் இருக்கலாம், மனைவியின் முதல் புருஷனுக்குப் பிறந்த பிள்ளையாகவும் இருக்கலாம். சீனியர், ஜூனியர் என்றால் தகப்பன் மகன் என்று கட்டாயம் இல்லை, ஒரே ஊரில் ஒரே பெயரில் இருக்கிற பெரியவர், சின்னவர், அவ்வளவுதான். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தான் என்று ஒவ்வோர் உறவுக்கும் தனிச்சொல் வைத்துப் பேசிப் பழகின நமக்கு இது பெரிய அவஸ்தை. தேதியிலும் ஒரு குழி. 1752க்கு முன்னால் அவர்களுக்கு வருஷம் மார்ச் 25இல்தான் பிறக்கும், அதனால் பிப்ரவரி 1740 என்று எழுதியிருந்தால் நம் கணக்குக்கு 1741.

நிலஅளவில் மட்டும் ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. வெள்ளை ஓக் மரத்தில் தொடங்கி, ஓடையோடு இறங்கி, இத்தனை 'போல்' போய் இன்னார் எல்லையில் முட்டி என்று எழுதுவார்கள். ஒரு போல் பதினாறரை அடி, நாலு போல் ஒரு செயின், 66 அடி. நம்ம புலப்படத்தில் பழைய சர்வேயர்கள் லிங்க்ஸ் கணக்கில் போட்டிருப்பது இதே செயினைத்தான், நூறு லிங்க்ஸ். ஒரு சதுர செயின் பத்து சென்ட். வெள்ளைக்காரன் இரண்டு கண்டத்தையும் ஒரே சங்கிலியால் அளந்திருக்கிறான். மரம் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது, நாலு வருஷத்துக்கு ஒருமுறை அக்கம்பக்கத்தார் சேர்ந்து எல்லையை நடந்து பார்த்து அடையாளத்தைப் புதுப்பிப்பார்கள். இங்கே யாராவது ஏற்பாடு செய்தால் பாதி வழக்கு குறையும், மீதிப் பாதி அங்கேயே அடிதடியில் ஆரம்பிக்கும்.

காசு வாங்குகிற தளங்கள் பற்றி ஒரு வார்த்தை. மகள் ஆசைப்பட்டு ஒன்றில் சந்தா கட்டிக்கொடுத்தாள், பெயர் சொல்லவில்லை. யாரோ தப்பாக ஏற்றிய வம்சாவளியை இன்னும் நாற்பது பேர் அப்படியே நகல் எடுத்து வைத்திருக்கிறார்கள், பிள்ளை பிறந்து மூன்று வருஷம் கழித்துத் தாய் பிறக்கிறாள். அசல் தாளைக் காட்டாத எதற்கும் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்கா வேண்டாம், நம்ம ஊர் வழக்கே படிக்க வேண்டும் என்றால் சிவகங்கை ஜமீன் வழக்கைத் தேடிப் படியுங்கள். ஜமீன்தார் 1829இல் இறந்து, அப்போதைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சிலில் மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தபோது 1863. சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கும் கூட்டுக்குடும்பச் சொத்துக்கும் வித்தியாசம் என்ன என்பதற்கு இன்றைக்கும் வக்கீல்கள் அதைத்தான் எடுத்துப் பேசுகிறார்கள்.

இனி எனக்கு இந்தச் சேவையால் என்ன லாபம் என்று சொல்கிறேன். 1865இல் உள்நாட்டுப் போர் முடிகிற சமயம் ரிச்மண்டில் பெரிய தீ. பத்திரமாக இருக்கட்டும் என்று பல கவுண்டிகள் தங்கள் கோர்ட் புத்தகங்களை அங்கேதான் அனுப்பி வைத்திருந்தன, எல்லாம் போய்விட்டது. அதற்காக இந்த நூலகத்தார் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. எரிந்த கவுண்டியின் உயிலையோ கிரயப் பத்திரத்தையோ யாராவது வேறு கவுண்டி வழக்கில் சான்றாவணமாகத் தாக்கல் செய்திருப்பார்கள் அல்லவா, அந்த நகல்களைக் கட்டுக் கட்டாகப் பிரித்து எடுத்துத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். தொலைந்த ஆவணங்களுக்கென்றே தனிப் பிரிவு. அதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஏனென்றால் தேவகோட்டையிலும் ஒரு தீ உண்டு. 1942 ஆகஸ்ட், திருவாடானைச் சிறையை உடைத்து விடுதலைப் போராளி சின்ன அண்ணாமலையை மக்கள் வெளியே கொண்டுவந்த அதே மாசம், தேவகோட்டைக் கோர்ட்டும் எரிந்தது. சுதந்திரத்துக்காக எரிந்தது, குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கு முன்னால் எங்கள் தாத்தாவும் அவர் தம்பியும் ஒரு ஏக்கர் 42 சென்ட் புஞ்சைக்குப் போட்ட வழக்கின் தீர்ப்பும் அதில் போய்விட்டது என்று அப்பத்தா சொல்வார். நகல் சின்னத் தாத்தா வீட்டுப் பெட்டியில் இருப்பதாகவும் சொல்வார். அந்த வீட்டுப் பங்காளிகளோடு எங்களுக்கு நல்லது கெட்டதுக்கே போக்குவரத்து இல்லை. இத்தனை வருஷம் பத்திரம் எழுதியும், "எரிந்தது எரிந்ததுதான்" என்று நானும் விட்டுவிட்டேன்.

ஊர் வந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே புஞ்சைக்குத் தென்புறத்துக்காரர் 1950களில் வரப்புத் தகராறில் ஒரு வழக்குப் போட்டார், அதில் சின்னத் தாத்தா பிரதிவாதி. பிரதிவாதி தன் பாத்தியத்தைக் காட்ட எதைத் தாக்கல் செய்திருப்பார்? பழைய வக்கீல் குமாஸ்தா ஒருவர் வீட்டுப் பரணில் அந்த வழக்கின் தீர்ப்பு நகல் இருந்தது, கடைசித் தாளில் சான்றாவணப் பட்டியல். பி 4, எங்கள் தாத்தா வழக்கின் தீர்ப்பு, சான்றிட்ட நகல். அந்தக் கட்டு இன்னும் பதிவறையில் இருக்கிறதா, கால வரம்பு முடிந்து அழித்துவிட்டார்களா என்று பார்க்கத் தேடுதல் மனு போட்டிருக்கிறேன். இரண்டு தடவை போய்வந்தாயிற்று, வருகிற செவ்வாய்க்கிழமை மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.