நாய்க்குட்டியை 'தங்கிப் பயிற்சி'க்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னையில் நாய்க்குட்டி வளர்ப்பவர்கள், முக்கியமாக மேடவாக்கம், சோழிங்கநல்லூர் பக்கம் ஃபிளாட்டில் இருப்பவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். 'குட்டியை 45 நாள் எங்களிடம் விடுங்கள். திரும்பி வரும்போது வீட்டுக்குள் உச்சா போகாது, எதையும் கடிக்காது' என்று சொன்ன ஒரு இடத்தை நம்பி 28,000 ரூபாயையும் எங்கள் ராகியையும் ஒப்படைத்தோம். பணம் போனது போகட்டும். அந்தக் குட்டி பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை.

ராகி நாட்டு நாய். எங்கள் தெருமுனையில் வீடு கட்டும் இடத்தில், கொட்டி வைத்த மணல்மேட்டில் பிறந்தவள். தாய் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போக, மழையில் நனைந்துகொண்டிருந்தவளை என் மகள் தூக்கி வந்தாள். கேழ்வரகு நிறம். வலது முன்காலில் மட்டும் இரண்டு விரல் வெள்ளை. இரண்டு மாதம் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் வீட்டில் அத்தை மட்டும்தான். அவருக்கு முட்டிவலி, மூன்று மாடி இறங்கி ஏற முடியாது. ராகி பூஜை அறை வாசலிலேயே உச்சா போனாள். அத்தையின் கைத்தடி ரப்பர், சோபா மூலை, ஷூ என்று ஒன்று விடாமல் கடித்தாள். ஒரு நாள் சுவரில் செருகியிருந்த சார்ஜர் ஒயரை வாயில் வைத்திருந்தாள். சுவிட்ச் அணைந்திருந்ததால் பிழைத்தாள். அன்றைக்குத்தான் பயந்துபோய்ப் பயிற்சியாளரைத் தேடினோம்.

வந்தவர் நன்றாகப் பேசினார். தன்னோடு கூட்டி வந்த லாப்ரடாரை உட்காரச் சொன்னார், உட்கார்ந்தது; படுக்கச் சொன்னார், படுத்தது. "இந்த வயசுல பிடிச்சாத்தான் மேடம் வளைக்க முடியும்" என்றார். ராகிக்கு அப்போது ஒரு தடுப்பூசிதான் போட்டிருந்தோம். "அடுத்த ஊசி பாக்கி இருக்கே சார்?" என்று கேட்டேன். "நம்ம இடத்துக்கே டாக்டர் வருவார், போட்டுருவோம்" என்றார். தடுப்பூசி அட்டையைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாய்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு குட்டியை எடுத்துப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அந்த அட்டையைத்தான். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டிகள் இரண்டு மூன்று நாளில் செத்துப்போகக்கூடும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் ஆகும்வரை ஊசி போட்டு முடித்தால்தான் பாதுகாப்பு. அங்கேயே நான் கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

இடத்தைப் பார்க்க வருகிறோம் என்றோம். முதல் 15 நாள் வீட்டு ஆட்களைப் பார்த்தால் குட்டியின் கவனம் சிதறும் என்றார். அதையும் நம்பினோம்.

வாரம் ஒரு வீடியோ வந்தது. எல்லாம் 20 நொடிக்குள் முடிந்துவிடும். மூன்றாவது வாரம் வந்ததை மகள் பார்த்துவிட்டு, "அம்மா, இது ராகி இல்ல. கால்ல வெள்ளை எங்க?" என்றாள். பெரிதாக்கிப் பார்த்தேன். அதே நிறம், அதே அளவு, வேறு குட்டி. உடனே போன் செய்தேன். வெளிச்சத்தில் தெரியவில்லை என்றார். வீடியோ காலில் காட்டுங்கள் என்றால் இங்கே டவர் இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சொல்லாமல் கிளம்பினோம். அன்று 23ஆம் நாள். திருப்போரூர் தாண்டி உள்ளே போக வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, வரிசையாக இரும்புக் கூண்டுகள், 14 நாய்களை எண்ணினேன். ராகி ஒரு கூண்டின் மூலையில், தன் மூத்திரத்திலும் மலத்திலும் படுத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் வாலை ஆட்டவில்லை. உடம்பைச் சுருட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே உச்சா போனாள். கூண்டுக் கம்பியில் சுருட்டிய நியூஸ்பேப்பர் ஒன்று செருகியிருந்தது. அங்கே வேலை பார்த்த ஒருவர்தான் உண்மையைச் சொன்னார்: "உள்ள ஒன்னுக்குப் போனா மூக்கை அதுலயே தேய்ப்பாங்கக்கா. கடிச்சா மிளகாய்த்தூளைக் கரைச்சு வாயில தடவுவாங்க." சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியிருந்தது.

ராகியைத் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். ஈறில் புண், காதுக்குள் கொத்துக் கொத்தாக உண்ணி. போடுவதாகச் சொன்ன ஊசி போடவே இல்லை என்பது, மாலை பயிற்சியாளரிடம் போனில் பேசியபோது அவர் வாயாலேயே வந்தது. பார்வோ தொற்றாமல் தப்பியது எங்கள் நல்ல நேரம்.

எங்கள் டாக்டரம்மா அன்று அரை மணி நேரம் உட்கார வைத்து விளக்கினார். எனக்குக் கண் திறந்தது அப்போதுதான். நாய் தான் படுக்கும் இடத்தை அசுத்தம் செய்யாது. அது பிறவிக் குணம். வீட்டுப் பழக்கத்தை அந்தக் குணத்தின் மேல்தான் கட்ட வேண்டும். நாள் முழுக்கக் கூண்டில் அடைத்தால் வேறு வழியில்லாமல் படுத்த இடத்திலேயே போய், அந்தக் குணமே மழுங்கிவிடுகிறது. மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. எப்போதோ போனதற்கு இப்போது அடித்தால் எதற்கு அடி என்று அதற்குப் புரியாது. மனிதர் எதிரில் போனால் அடி விழும் என்பது மட்டும் பதியும். அப்புறம் சோபா பின்னால், கட்டிலுக்கு அடியில் என்று ஒளிந்து போகும். திரும்பி வந்த ராகி அப்படித்தான் செய்தாள். யாராவது பேப்பரைப் பிரித்தால் போதும், நடுங்கி உச்சா போவாள். காலையில் பேப்பர் படிப்பதையே கணவர் நிறுத்திவிட்டார்.

இன்னொன்றும் டாக்டரம்மா சொன்னார். வேறொரு கொட்டகையில் கற்ற கழிப்பிடப் பழக்கத்தை நாய் நம் வீட்டுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வராது. எந்த வீட்டில் இருக்கப்போகிறதோ அந்த வீட்டில், அந்த வீட்டு ஆட்களின் நேரத்தோடுதான் அது பழக முடியும். அப்படியானால் அவர் எங்களிடம் விற்றது என்ன? அவரால் தரவே முடியாத ஒன்று.

சரி, பிறகு எப்படித் தேறினாள் என்று கேட்பீர்கள். குட்டிகள் முதல் சில வாரங்களில் எந்தத் தரையில் போய்ப் பழகுகின்றனவோ அதையே பிறகும் தேடும் என்றார் டாக்டரம்மா. எனக்கு உடனே அந்த மணல்மேடு ஞாபகம் வந்தது. பால்கனியில் பெரிய பிளாஸ்டிக் தட்டை வைத்து, அவள் பிறந்த அதே இடத்திலிருந்து இரண்டு சட்டி மணல் கேட்டு வாங்கி நிரப்பினோம். முகர்ந்தாள், ஒரு சுற்று சுற்றினாள், உட்கார்ந்துவிட்டாள். அத்தை சத்தமே போடாமல் அழுதார். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில், விளையாடி முடித்ததும் அங்கே கூட்டிப் போவது, போனவுடனே சின்னத் துண்டு வேகவைத்த கோழி கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. மூன்று மாடி இறங்காமல் அத்தையாலேயே பார்த்துக்கொள்ள முடிந்தது. தவறிப் போன இடத்தை பினாயில் போட்டுத் துடைப்பதையும் விட்டோம். நமக்கு வாடை போனதுபோல் இருக்கும், நாயின் மூக்குக்குப் போகாது. திரும்பவும் அங்கேயே வரும். செல்லப்பிராணிக் கடைகளில் என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கிறது, அதற்கு மாறினோம். ஏழு வாரம் ஆனது.

கடிப்பதும் அடக்க வேண்டிய குற்றம் இல்லை. குட்டிக்கு 28 பால்பற்கள். நான்கு மாத வாக்கில் அவை விழத் தொடங்கி, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் முளைக்கும். அதுவரை ஈறு ஊறும், எதையாவது மெல்லத்தான் செய்யும். அந்த ஈறில்தான் அந்த ஆள் மிளகாயைத் தடவியிருக்கிறார். நாங்கள் துணியை முடிச்சுப் போட்டு நனைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுத்தோம், குளிர்ந்த கேரட் கொடுத்தோம். ஒயர்களை எல்லாம் கைக்கெட்டாத உயரத்துக்கு ஏற்றினோம். எதையாவது கவ்வினால் பிடுங்காமல் வேறொன்றைக் காட்டி மாற்றினோம். பழைய செருப்பைக் கொடுக்காதீர்கள், அதற்குப் பழசும் புதுசும் ஒன்றுதான். வேகவைத்த எலும்பும் வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். தாளில் சிறிய எழுத்தில் 'திருப்பித் தரப்படாது' என்று இருப்பதைக் காட்டினார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு 10,000 ரூபாய் அனுப்பிவிட்டு, இதோடு விடுங்கள் என்று செய்தி போட்டார். விடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் வீடியோக்கள், வேப்பேரியில் கொடுத்த சீட்டு மூன்றையும் பத்திரமாக வைத்திருந்ததுதான் கை கொடுத்தது. நாயை இப்படி வதைப்பது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவில் குற்றம். அதற்குத் தனியாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம்.

வழக்கு நடப்பதால் இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அந்தக் கொட்டகையில் மீதி 13 நாய்களைப் பார்த்துவிட்டு வந்தேன். அவற்றின் வீட்டுக்காரர்களும் இப்போது 20 நொடி வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் குட்டி எங்கேயாவது தங்கிப் பயிற்சியில் இருந்தால் இன்றைக்கே வீடியோ கால் கேளுங்கள். டவர் இல்லை என்று பதில் வந்தால், நாளை வரை காத்திருக்காமல் வண்டியை எடுங்கள்.