ஒரே தாலம், நாலு தீர்ப்பு: மந்தி, சஹன், சிறு தட்டுகள்

ஒரே தாலத்தில், அதாவது ஒரே பெரிய வட்டத் தட்டில், மந்தி என்ற அரபுக் கறிச்சோறு சாப்பிட்டு எழுந்த நாலு பேரிடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். ஒருவர் கறி வெண்ணெய் மாதிரி என்பார். அவருக்கு எதிரே உட்கார்ந்தவர் கறி சக்கை என்பார். மூன்றாமவருக்குச் சோறு சப்பென்று இருந்திருக்கும். நாலாமவர் அடுத்த வாரமே இன்னொரு தடவை வரலாம் என்பார். அவரவர் நாக்கு அப்படி என்று இதை விட்டுவிடுகிறோம். ஆனால் தாலத்தில் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார், எந்த நிமிடத்தில் கை வைத்தார் என்று பார்த்தால், நால்வரும் சாப்பிட்டது வேறு வேறு சாப்பாடு என்பது புரியும்.

கோழி மந்தியில் ‘ஃபுல்’ என்றால் ஒரு முழுக்கோழி. நாலாகப் பிளந்தால் இரண்டு கால் பக்கம், இரண்டு நெஞ்சுப் பக்கம். நெஞ்சுக்கறி உள்ளே 74 டிகிரி செல்சியஸ் தொட்டதும் வெளியே வந்துவிட வேண்டும். அதற்கு மேல் போகப் போகச் சாறு வடிந்து நார் நாராகும். தொடைக்கறிக்கு 80-ஐத் தாண்டினால்தான் உள்ளிருக்கும் சவ்வு இளகிக் கறி எலும்பை விடும். இரண்டும் ஒரே அடுப்பில் ஒரே நேரம் வேகின்றன. தொடை பதமாக வந்த கோழியில் நெஞ்சு வறண்டிருப்பது சமையல்காரரின் அலட்சியம் ஆகாது, கோழியின் உடலமைப்பு அப்படி. தாலம் வந்தவுடன் ஒருவர் கறி முழுவதையும் எலும்பிலிருந்து பிய்த்து, தொடையும் நெஞ்சுமாகக் கலந்து நாலு பக்கமும் வைத்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்தது.

ஒரே தட்டில் கூட்டாகச் சாப்பிட இன்று நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. அரபு வழியில் வந்த மந்தித் தாலம். காயல்பட்டினம், அதிராம்பட்டினம் முதல் இலங்கை முஸ்லிம் வீடுகள் வரை புழங்கும் சஹன், அதாவது ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து உண்ணும் விருந்து. பெருநகர உணவகங்களில் புதிதாகப் பரவியிருக்கும் ‘ஸ்மால் பிளேட்ஸ்’, அதாவது எல்லோரும் எடுத்துக்கொள்ள நடுவில் வைக்கும் சிறு தட்டுகள். மூன்றையும் பற்றி எழும் புகார்களும் பாராட்டுகளும் வேறு வேறு. ஒன்றில் பிடித்தது இன்னொன்றில் கிடைக்கும் என்று போனால் ஏமாற்றம்தான்.

மந்தி: சோறுதான் முக்கியம்

மந்தி ஏமனின் ஹத்ரமவுத் பகுதியிலிருந்து வந்தது. மண்ணில் தோண்டிய அடுப்பு, அடியில் தணல், அதன்மேல் அரிசிப் பாத்திரம், அதற்கும் மேலே கறி. வாயை மூடிவிட்டால் கறியின் கொழுப்பும் சாறும் சொட்டிச் சொட்டி அரிசிக்குள் இறங்கும். ஹைதராபாதில் இது வேர்விட்ட இடம் பார்க்கஸ். நிஜாம் படையில் வேலை பார்த்த ஹத்ரமிகளின் வழிவந்தவர்கள் வாழும் பகுதி, ‘பாரக்ஸ்’ (படைவீரர் குடியிருப்பு) என்ற ஆங்கிலச் சொல் தேய்ந்து வந்த பெயர். கேரளத்தில் இதுவே குழிமந்தி.

‘சப்பென்று இருக்கிறது’ என்ற புகார் பெரும்பாலும் பிரியாணி நாக்கோடு வருபவர்களுடையது. சீரகம், மிளகு, ஏலம், கிராம்பு, பட்டை, கொஞ்சம் மஞ்சள், காய்ந்து கறுத்த எலுமிச்சை. இவ்வளவுதான் மந்தியின் மசாலா. மிளகாய்த்தூளுக்கு இதில் வேலை இல்லை, புதினா மல்லித்தழை தூவி மறைக்கும் வழக்கமும் இல்லை. காரம் தனியே கிண்ணத்தில் வருகிறது: வேகவைக்காத தக்காளியும் பச்சை மிளகாயும் பூண்டும் அரைத்த சட்னி. அதை ஒரு கவளத்துக்கு அரை டீஸ்பூன் கணக்கில் தொட்டுக்கொள்ள வேண்டும். சிலர் கிண்ணத்தை அப்படியே சோற்றின்மேல் கவிழ்க்கிறார்கள். வேகாத தக்காளியின் தண்ணீர் இறங்கியதும் உதிரிச் சோறு நசநசத்து, எல்லாக் கவளமும் ஒரே புளிப்பாகிவிடும். பிறகு ‘மந்தி நன்றாக இல்லை’ என்று சொல்வதில் அர்த்தமில்லை. உப்புக் குறைவு என்றால் அது வேறு கதை. வேகும்போது அரிசிக்குள் ஏறாத உப்பை மேலே தூவிச் சரிசெய்ய முடியாது. அந்தப் புகார் நியாயமானது.

நம் ஊர்களில் அதிகம் விற்கும் அல்ஃபாம் மந்தியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அல்ஃபாம் என்பது மசாலா தடவிக் கரி அடுப்புக் கம்பியில் சுட்ட கோழி. அதன் கொழுப்பு சொட்டுவது தணலில். அரிசி வேறு பாத்திரத்தில் வெந்தது. சோறும் கறியும் ஒட்டவே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்டு வாங்கியதே ஒட்டாத ஒன்றைத்தான். சொட்டிய சோறு வேண்டுமென்றால் சாதாரணக் கோழி மந்தி அல்லது மட்டன் மந்தி என்று கேட்க வேண்டும்.

புகை விஷயமும் இப்படித்தான். குழி இல்லாத சமையலறையில், வெந்த சோற்றின் நடுவே சின்னக் கிண்ணம் வைத்து, கனன்ற கரித்துண்டைப் போட்டு, மேலே ஒரு ஸ்பூன் நெய் விட்டு மூடுவார்கள். நாலைந்து நிமிடம் போதும். கால் மணி நேரம் விட்டால் கசப்பு ஏறும். கிண்ணப் புகை என்றால் தாலம் வந்த கணத்தில் மூக்கைத் துளைக்கும், நாலாவது கவளத்தில் காணாமல் போகும். குழிப் புகை எலும்போடு ஒட்டிய கறி வரைக்கும் இருக்கும்.

மட்டன் மந்தியில் எல்லாவற்றையும் விடப் பெரிய எதிரி ஏசி. ஆட்டுக்கொழுப்பு ஏறத்தாழ 45 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். அகன்ற தாலத்தில் ஒன்றரை அங்குல உயரத்துக்குப் பரப்பிய சோறு, குளிரூட்டிய அறையில் இருபது நிமிடத்தில் அந்தச் சூட்டுக்கு இறங்கிவிடலாம். அதன்பின் அண்ணத்தில் மெழுகு பூசியது போல ஒட்டும். உடனே சாப்பிட்டவர் ஆகா என்கிறார். படம் எடுத்து, போன் பேசி முடித்து உட்கார்ந்தவர் ஒரே எண்ணெய்க் கொழகொழப்பு என்கிறார். இரண்டுமே உண்மை. கோழிக்கொழுப்பு அறைச்சூட்டிலும் இளகியே இருக்கும். அதனால் மெதுவாகப் பேசிச் சாப்பிடுகிற கூட்டத்துக்குக் கோழிதான் ஏற்றது.

மந்தியோடு வரும் மயோனைஸ் பற்றி ஒரு வரி. பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடைசெய்தது. தெலங்கானா 2024 அக்டோபர் இறுதியில் ஓராண்டுக்கும், தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்கும் தடை விதித்தன. முட்டையில்லாமல் செய்ததில் இனிப்பு தூக்கலாகத் தெரியலாம். மாறியது கடையின் கைப்பக்குவம் என்று நினைத்துவிட வேண்டாம்.

சஹன்: இடம்தான் முக்கியம்

மந்தியில் சோறும் கறியும் மட்டும். சஹனில், அதிலும் கொழும்புப் பக்கத்துச் சஹனில், கண் எங்கே போவது என்று தெரியாது. அடியில் புரியாணிச் சோறு, மேலே கோழி ரோஸ்ட், ஆட்டிறைச்சிக் கறி, அவித்த முட்டை, கஜு (முந்திரி), மின்ட் சம்பல் (புதினாத் துவையல்), மலே அச்சாறு (மலாய் வகை ஊறுகாய்), கடைசியில் வட்டலப்பம் என்ற இனிப்பு. வழக்கமாக ஆறு பேர் சுற்றி உட்காருவார்கள். காயல்பட்டினத்துக் களறிச் சாப்பாட்டில் (அந்த ஊர் விருந்துச் சாப்பாட்டில்) இத்தனை ஆரவாரம் இல்லை. நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காய் என்று சில பண்டங்களிலேயே முடித்துவிடும். வாசம் மட்டும் தெரு முனை வரை வரும்.

சஹனை முதல் தடவை பார்ப்பவரின் புகார்: ‘எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது.’ பழகியவரின் பாராட்டும் அதேதான். தித்திப்பும் கடுகுக் காட்டமும் வினாகிரிப் புளிப்பும் உள்ள அச்சாறு, நெய் ஊறிய சோற்றில் கலக்கிற இடம்தான் சஹனின் உயிர். ஆனால் இந்தக் கலப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை. தனக்கு முன்னால் இருப்பதையே உண்ண வேண்டும், நடுவில் கை வைக்கக் கூடாது என்பது சஹனின் ஒழுங்கு. அப்படியானால் சம்பல் யார் பக்கம் வைக்கப்பட்டதோ அவருக்கு ஒரு சாப்பாடு, எதிர்ப்பக்கத்தாருக்கு வெறும் நெய்ச்சோறு. நல்ல பரிமாறுகாரர் சம்பலையும் அச்சாறையும் ஒரே குவியலாக வைக்கமாட்டார்; ஆறு சிறு குவியலாக விளிம்பிலிருந்து நாலு விரல் உள்ளே தள்ளி வைப்பார். குழம்பை நடுவில் ஊற்றினால் அது அடியில் போய்த் தேங்கும். விளிம்புச் சோறு கடைசி வரை வறட்டுச் சோறுதான். கறியைக் கெட்டியாக இறக்குவதும், குழம்பு தனிக் கிண்ணத்தில் வருவதும் அதனால்தான்.

கோழிக் கணக்கிலும் கவனம் வேண்டும். ஒரு கோழியை எட்டாக வெட்டினால் இரண்டு கால், இரண்டு தொடை, இரண்டு நெஞ்சு, இரண்டு இறக்கை. ஆறு பேருக்கு ஆளுக்கொரு துண்டு வைத்த பிறகு மிஞ்சுவது இரண்டு இறக்கை. அதை யார் எடுப்பது என்று கண்கள் பேசிக்கொள்ளும். ஆர்டர் கொடுக்கும்போதே ‘பன்னிரண்டு துண்டு’ என்று சொல்லிவிட்டால் ஆளுக்கு இரண்டு, தகராறு இல்லை.

தாலத்தின் அளவை யாரும் கேட்பதில்லை, கேட்க வேண்டும். 24 அங்குல விட்டமுள்ள தாலத்தின் சுற்றளவு சுமார் 75 அங்குலம். ஆறு பேர் என்றால் ஆளுக்குப் பன்னிரண்டரை அங்குலம், கை தாராளமாகப் போய்வரும். அதே ஆறு பேரை 16 அங்குலத் தாலத்தில் உட்கார வைத்தால் எட்டு அங்குலம்தான் தேறும். முழங்கை இடிக்கும், அடுத்தவர் எல்லைக்குள் விரல் நுழையும். ‘சாப்பாடு பரவாயில்லை, ஆனால் திருப்தியில்லை’ என்று ஒருவர் சொன்னால் காரணம் சமையலில் இருக்கும் என்று தேட வேண்டாம்.

அரிசியிலும் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. மந்திக்குப் பல கடைகள் நீள செல்லா (புழுங்கல்) பாசுமதி போடுகின்றன. சூட்டில் மணிக்கணக்கில் நின்றாலும் உடையாது. ஆனால் குழம்பை உள்ளே வாங்காது. சஹனுக்குச் சம்பா அரிசி பொருந்தும். மணி சிறியது, நெய்யையும் குழம்பையும் பிடித்துக்கொள்ளும், ஆற ஆறக் கட்டிதட்டும். பாசுமதியில் செய்த சஹன் பார்க்க அழகு. சம்பலும் சோறும் வாயில் தனித்தனியாகவே கிடக்கும்.

சிறு தட்டுகள்

இங்கே விவகாரம் எண்ணிக்கை. ஒரு தட்டில் மூன்று துண்டு, மேசையில் நாலு பேர். பல புகார்களும் இந்தக் கணக்கிலிருந்தே முளைக்கின்றன. ஆர்டர் எடுப்பவரிடம் ‘இதில் எத்தனை பீஸ்?’ என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நாலாக்கித் தரச் சொன்னால் சில இடங்களில் ஒரு துண்டுக்குக் கூடுதல் விலை போட்டுத் தருவார்கள்.

அடுத்தது சுவை நெரிசல். ஒவ்வொரு தட்டும் தன்னளவில் புளிப்பு, காரம், இனிப்பு, மொறுமொறுப்பு, மேலே விதை, தழை, ஊறுகாய் என்று முழு வாத்தியக் கோஷ்டியாக வருகிறது. முதல் தட்டு அபாரம், இரண்டாவதும் பிரமாதம். ஐந்தாவதில் நாக்கு மரத்துவிடும், ஏனென்றால் மிளகாயின் எரிப்பு தொடர்ந்து படப்பட நாக்கின் உணர்வு மழுங்கும். ஐந்தாவதாக வந்த தட்டைக் குறை சொல்பவர் பெரும்பாலும் வரிசையைத்தான் குறை சொல்கிறார். நாலு பேருக்கு ஆறு தட்டு என்றால் அவற்றில் இரண்டு அமைதியானவையாக இருக்கட்டும்: ஒன்று தயிர் சார்ந்தது, ஒன்று வெறும் ரொட்டியோ சோறோ. ஆறையும் ஒரே மூச்சில் சொல்லாமல் மூன்று மூன்றாகச் சொல்லுங்கள். சொன்னால் வெந்தது வெந்தபடி வருவது இந்தச் சமையலறைகளின் பழக்கம். மொத்தமாகச் சொன்னால் பொரித்தது சூடு ஆறிக் காத்திருக்க, மேசையில் தட்டு வைக்க இடமிருக்காது. வயிறு நிறைய வேண்டும் என்று வருபவருக்கு இந்த இடம் சரிப்படாது. இருவராகப் போய்ப் பேசிக்கொண்டே கொறிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எதை எடுப்பது?

நாலு பேர், பசியோடு, இருபது நிமிடத்தில் முடிப்பார்கள் என்றால் மந்தி. வீட்டிலோ கேட்டரிங்கிலோ சொல்வதானால் 600 கிராம் அரிசி. வெந்தால் ஏறத்தாழ மும்மடங்கு, ஒன்றேமுக்கால் கிலோ வரும். எலும்போடு ஒரு கிலோ மட்டன் வெந்து எலும்பு போக அரைக் கிலோ அளவில் நிற்கும், ஆளுக்கு 125 கிராம். ஆறு பேர், நேரமும் உறவும் இருக்கிறது என்றால் சஹன். சாப்பாட்டில் ஒத்துப்போகாத கூட்டம், ஒருவர் சைவம், ஒருவருக்குக் காரம் ஆகாது என்றால் சிறு தட்டுகள். அங்கே பிடிக்காததைத் தொடாமல் இருக்கலாம், தாலத்தில் அது முடியாது.

மிச்சத்தைப் பார்சல் கட்டுவதாக இருந்தால் அதைச் சாப்பிடும் முன்பே தீர்மானியுங்கள். நாலு கை புகுந்த சோறு வீட்டுக்கு வர வேண்டியதில்லை. தாலம் வந்ததும் ஒரு பக்கத்தைச் சுத்தமான கரண்டியால் டப்பாவில் எடுத்து மூடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள்; ஆறிய சோற்றில் வளரும் பாக்டீரியாவின் நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மறுநாள் மட்டன் மந்தியை மைக்ரோவேவில் வைக்கும்போது இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் உறைந்த கொழுப்பு இளகிச் சோறு மறுபடி உதிரும்.