ஊட்டிப் பனியில் பிபிசி மைக்ரோ மாடல் பி

1981இல் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் வெளியிட்ட கம்ப்யூட்டர்ப் பெட்டி இது. 1984இல் தொடங்கிய, பள்ளிகளில் கம்ப்யூட்டர் கற்பிக்கும் கிளாஸ் திட்டத்தில் நம் பள்ளிகளுக்கும் வந்தது. 2 மெகாஹெர்ட்ஸ் 6502 ப்ராசஸர், 32 கேபி ராம் நினைவகம். இந்த 32தான் இடுக்கண்: மோட் 2 என்ற திரை முறையில் வண்ணம் காட்டத் திரையே 20 கேபியை விழுங்கிவிடும். எழுத்து மட்டும் போதுமென்றால் மோட் 7, 1 கேபியில் முடிந்தது. கீபோர்டு? இன்றைக்கும் தட்டத் தட்ட ஆசையாக இருக்கும்.

ஊட்டி, குன்னூர்க்காரர்கள் இந்தப் பழைய பெட்டியை வாங்கியதும் ஸ்விட்சைப் போட்டுவிடாதீர்கள். பவர் சப்ளையில் மெயின்ஸ் பக்கம் தேன்நிறத்தில் இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர்களின் ஓடு காலப்போக்கில் விரிசல் விடும். பனியின் ஈரம் உள்ளே இறங்கினால் மின்சாரம் பாய்ந்ததும் நாற்றப் புகைதான். 0.1, 0.01 மைக்ரோஃபாரட் அளவில், மெயின்ஸுக்கென்றே வரும் எக்ஸ்2 ரகக் கெப்பாசிட்டர்களை வாங்கி, தெரிந்த மெக்கானிக்கிடம் மாற்றுங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, ‘ஃபிக்ஸ்’ என்று குறித்த 4 ஸ்க்ரூவைக் கழற்றினால் மூடி வந்துவிடும். சாக்கெட்டில் உள்ள சிப்களையும் ஒரு அழுத்து அழுத்துங்கள். சூடும் குளிரும் மாறி மாறி அவற்றை மேலே கிளப்பியிருக்கும்.