கன் ஷோவில் ரீலோட் தோட்டா வாங்கும் நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டெக்சாஸில், டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் பிஸ்டல் போட்டிகளுக்குப் போகும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே வார இறுதி கன் ஷோக்களில் (துப்பாக்கி விற்பனைக் கண்காட்சிகளில்) மேசை போட்டு, சுட்ட உறையில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்து ரீலோட் செய்த 9 எம்எம் தோட்டாக்களை ஜிப் பையில் விற்கும் ஒருவர் என்னை ஏமாற்றிவிட்டார். பணம் போனதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் கவனிக்காமல் இருந்திருந்தால் துப்பாக்கி என் கையிலேயே வெடித்திருக்கும். புகார் இன்னும் விசாரணையில் இருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை.

என்னிடம் இருப்பது சிஇசட் 75 பிஸ்டல். "124 கிரெய்ன் குண்டு, எல்லாம் ஒரே அளவு மருந்து, உங்கள் துப்பாக்கிக்கென்றே நீளம் பார்த்துச் செய்தது" என்று சொல்லித்தான் கொடுத்தார். (கிரெய்ன் என்பது குண்டையும் மருந்தையும் அளக்கும் சின்ன எடை அளவு.) உரிமம் இருக்கிறதா என்று கேட்டேன். உடனே ஃபிரேம் போட்ட எஃப்எஃப்எல் (மத்திய அரசின் துப்பாக்கித் தொழில் உரிமம்) ஒன்றை எடுத்து நீட்டினார். முத்திரை, கையெழுத்து எல்லாம் சரியாகவே இருந்தது. ஏமாற்று வேலை அந்தக் காகிதத்திலேயே இருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் தன் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா ரீலோட் செய்ய உரிமம் தேவையில்லை. செய்து விற்பதென்றால் 06 வகை எஃப்எஃப்எல் வேண்டும். துப்பாக்கி தயாரிப்பாளருக்கான 07 வகை இருந்தாலும் போதும். அவர் காட்டியது 01. அது துப்பாக்கி விற்பவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் தருவது. தோட்டா தயாரித்து விற்க அதில் அனுமதி கிடையாது. உரிம எண்ணில் கோடு போட்டுப் பிரித்த நான்காவது பகுதியைப் பாருங்கள், வகை அங்கேதான் இருக்கும். எண்ணின் முதல் மூன்று இலக்கத்தையும் கடைசி ஐந்து இலக்கத்தையும் இந்த உரிமங்களைத் தரும் மத்திய அமைப்பான ஏடிஎஃப்பின் தளத்தில் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா என்றும் தெரிந்துவிடும்.

அதே மனிதர்தான் என் துப்பாக்கிக்கு அட்ஜஸ்ட் செய்யக்கூடிய பின் சைட் (குறிபார்க்கும் பகுதி) ஒன்றையும் பொருத்திக் கொடுத்தார். 25 கஜத்தில் மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டு சரிபார்த்துவிட்டேன் என்று, நடுவில் நெருக்கமாக ஐந்து ஓட்டை விழுந்த இலக்குத் தாள் ஒன்றும் கொடுத்தார். அதற்குத் தனிக் கூலி.

ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்) அந்த ஐந்து ஓட்டை எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. குண்டுகள் வலது பக்கம் ஒதுங்கின, அதோடு மேலும் கீழுமாகச் சிதறின. போன் செய்தால், "உங்கள் விரல் டிரிகரை இழுக்கும் விதம் சரியில்லை, பழகப் பழகச் சரியாகும்" என்றார். புதிதாகச் சுடப் பழகும் யாரும் இதை நம்பிவிடுவார்கள், ஏனென்றால் பாதி நேரம் அது உண்மையும்கூட.

அடுத்த முறை ஒரு தோட்டா வழக்கமான சத்தம் இல்லாமல் 'பொக்' என்று மட்டும் கேட்டது. உதைப்பே இல்லை. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடு பின்னால் போகவில்லை. போட்டிக்குப் பழகுகிறவன் கை இந்த நேரத்தில் என்ன செய்யும்? தோட்டா அடுக்கிய மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து, அடுத்ததைச் சுடும். அப்படித்தானே பயிற்சி. என் கை ஸ்லைடுக்குப் போவதற்குள் ரேஞ்ச் ஆபிசர் "ஸ்டாப்!" என்று கத்திக்கொண்டே வந்துவிட்டார். துப்பாக்கியைக் காலி செய்து, பேரலை, அதாவது குழலை, தனியாகக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மறுபக்கம் தெரியவில்லை. பாதி வழியில் குண்டு அடைத்துக்கொண்டு நின்றது. பின்னாலேயே இன்னொன்றைச் சுட்டிருந்தால் பேரல் வீங்கியோ பிளந்தோ போயிருக்கும். தோட்டாவில் மருந்து இல்லாமல், அதைப் பற்றவைக்க அடியில் இருக்கும் பிரைமர் மட்டும் வெடித்தால் குண்டு இப்படித்தான் மாட்டிக்கொள்ளும்.

மீதி தோட்டாக்களை ரேஞ்ச் ஆபிசரும் நானும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 124 என்று எழுதிய பையில் 115ம் இருந்தது, 147ம் இருந்தது. மருந்தைத் தராசில் போட்டால் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. ஓர் உறையில் மருந்து அளவுக்கு மீறி நிரம்பியிருந்தது: இரண்டு தடவை கொட்டிய மருந்து. 9 எம்எம் தோட்டாவுக்கு, தோட்டாக்களுக்குத் தரம் வகுக்கும் சாமி (SAAMI) நிறுவனம் வைத்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இரட்டை மருந்து அந்த எல்லையை எங்கேயோ தாண்டிப் போய்விடும். எனக்குக் கோபம் வந்தது அந்த ஓர் உறையைப் பார்த்தபோதுதான். இதைச் சுட்டிருந்தால் என் விரல்கள் மட்டுமா, அடுத்த லேனில் நின்ற பையனின் கண் என்ன ஆகியிருக்கும்?

குண்டுகள் மேலும் கீழுமாகப் போனதன் காரணமும் அந்தப் பையிலேயே இருந்தது. கைத்துப்பாக்கியில் கனமான, மெதுவாகப் போகும் குண்டு பொதுவாக இலக்கில் மேலே படும். குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே உதைப்பில் முனை தூக்க ஆரம்பித்துவிடும், மெதுவான குண்டு உள்ளே அதிக நேரம் இருக்கும். ஆக, மூன்று எடையைக் கலந்து சுட்டால் எந்த சைட்டாலும் ஒரே இடத்தில் அடிக்க முடியாது. வலது பக்கம் ஒதுங்கியதற்குக் காரணம் வேறு. பின் சைட்டைப் பிடித்திருக்க வேண்டிய சின்ன ஸ்க்ரூ முறுக்கப்படவே இல்லை. நகத்தால் தள்ளினால் சைட் நகர்ந்தது. அப்படியிருக்க, அந்த ஐந்து ஓட்டைத் தாள் என் துப்பாக்கியால் சுட்டதாக இருக்கவே முடியாது.

இப்போது சைட்டை நானே சரிபார்த்துக்கொள்கிறேன். ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஃபேக்டரி தோட்டா, மணல் மூட்டை, 25 கஜம். முதலில் குண்டுகள் ஓரிடத்தில் கூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒன்றுசேராதபோது சைட்டைத் தொடவே கூடாது. கூடிய பிறகு, எவ்வளவு விலகல் என்று அளந்து, அதை முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, தூரத்தால் வகுக்க வேண்டும். இடைவெளி 6 அங்குலம், விலகல் 3 அங்குலம், தூரம் 900 அங்குலம் என்றால் விடை 0.02 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின் சைட்டை நகர்த்த வேண்டும். அரை மில்லிமீட்டரில் 3 அங்குலம் போகிறது என்றால், ஸ்க்ரூ முறுக்காத சைட்டைக் கூலி வாங்கிக்கொண்டு கொடுத்தவரை என்ன சொல்வது?

விற்றவரிடம் திரும்பப் போனபோது, "ரீலோட் என்றால் ஒன்றிரண்டு அப்படித்தான் இருக்கும்" என்றார். பணம் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார். ஒன்றிரண்டு அப்படி இருக்கவே கூடாது. தானே கவனமாக ரீலோட் செய்யும் எத்தனையோ பேர் ஃபேக்டரி தோட்டாவைவிட நெருக்கமாகச் சுடுகிறார்கள். அவர்கள் ஹார்னடி, லைமன் போன்ற கம்பெனிகளின் ரீலோட் கையேடுகளைப் பார்த்து, குறைந்த அளவில் தொடங்கி, தங்கள் துப்பாக்கிக்கு எது பொருந்துகிறது என்று படிப்படியாகப் பார்க்கிறார்கள். குண்டை வைக்கும் முன் ஒவ்வொரு உறைக்குள்ளும் விளக்கடித்துப் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் உறையை நிரப்பும் மருந்தாகத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. அப்போது தவறி இரண்டாவது தடவை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தவர் செய்த தோட்டாவில் வெளியிலிருந்து நமக்குத் தெரிவது மிகக் கொஞ்சம். பேரலைக் கழற்றி அதற்குள் தோட்டாவைப் போட்டால் 'டொக்' என்று உட்கார வேண்டும், விரலால் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும். சிஇசட் 75 பேரலில் குண்டுக்கு முன்னால் இடம் குறைவு, அதனால் 1.169 அங்குல உச்ச நீளத்துக்குள் இருக்கும் தோட்டாகூடச் சிக்கலாம். எனக்கு 'நீளம் பார்த்துச் செய்த' தோட்டாக்களில் பல சிக்கின. மேசையில் குண்டை ஊன்றி அழுத்தினால் உள்ளே இறங்கக் கூடாது. ஆனால் மருந்து? முழுத் தோட்டாவை எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். 9 எம்எம்மில் போடுவதே சில கிரெய்ன் மருந்துதான். வெவ்வேறு கம்பெனி பித்தளை உறைகளுக்குள்ளேயே சில கிரெய்ன் வித்தியாசம் இருக்கும். அதில் மருந்தின் வித்தியாசம் மறைந்துவிடும். பெரும்பாலான துப்பாக்கிக் கம்பெனிகள் ரீலோட் தோட்டாவால் உடைந்தால் வாரண்டி தருவதும் இல்லை.

ஏடிஎஃப்புக்கும் கன் ஷோ நடத்துபவர்களுக்கும் பிரித்த தோட்டாக்களின் படத்தோடு எழுதிவிட்டேன். அந்த மேசையில் வாங்கிய பை யாரிடமாவது இருந்தால் ஒன்றைக்கூடச் சுட்டுப் பார்க்காதீர்கள், நண்பர்களுக்கும் கொடுக்காதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். ரசீதையும் பையையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு, தோட்டாக்களை உங்கள் ரேஞ்ச் ஆபிசரிடம் ஒப்படையுங்கள். புகாரில் சேர்ந்துகொள்ள விரும்புகிறவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.